இறந்த நிலத்தை உயிர்ப்பித்தோர்: ஸாஹில் உழவரின் குழியும் மரமும் உரிமையும்

ஸாஹில் என்னும் அரபுச் சொல்லுக்குக் கரை என்பது பொருள். கடற்கரையைக் குறிக்கும் இச்சொல் ஸஹாரா என்னும் மணற்கடலின் தென்கரைக்கும் பெயராயிற்று. மேற்கே செனிகலில் தொடங்கிக் கிழக்கே சூடான் வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே நீளும் இந்நிலப்பரப்பில் வாழ்வோருள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கம்பும் சோளமும் விளைவித்து உண்ணும் சிறு உழவர்கள். பயண அறிஞர் இப்னு பதூதா ஹிஜ்ரி 753இல் (கி.பி. 1352) ஸஹாராவைக் கடந்து இக்கரையை வந்தடைந்தார். மாலிப் பேரரசின் தலைநகரை நோக்கிச் சென்ற வழியில், ஒரு வணிகக் கூட்டமே நிழலில் தங்கத்தக்க பெருமரங்களைக் கண்டதாகவும், அவற்றுள் ஒன்றன் பொந்துக்குள் நெசவாளர் ஒருவர் தறியிட்டு நெய்துகொண்டிருந்ததாகவும் அவர் பதிவு செய்துள்ளார்.

அதன்பின் அறுநூறு ஆண்டுகள் கழித்து இதே பகுதியை உலகம் அறிந்துகொண்டது பஞ்சத்தின் வாயிலாகவே. 1968 முதல் 1973 வரை நீடித்த வறட்சியிலும், 1984இல் மீண்டும் வந்த வறட்சியிலும் பயிர் கருகிற்று, கால்நடைகள் மடிந்தன, கிணறுகள் வற்றின. பாலைவனம் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது என்றும், மரத்தை வெட்டியும் மண்ணைச் சுரண்டியும் அதனை வரவழைத்தவர்கள் அறியாமை மிக்க உழவர்களே என்றும் அறிக்கைகள் எழுதப்பட்டன. புதிய கருவிகளையும் புதிய வித்துகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாலன்றி இம்மக்களுக்கு மீட்சியில்லை என்பதே அன்றைய பொதுக்கருத்தாக இருந்தது.

ஆனால் நடந்த வரலாறு வேறு. அப்பகுதியின் பல இடங்களில் நிலம் மீண்டது; மரம் எழுந்தது. அவற்றை மீட்டவை மண்வெட்டியால் தோண்டிய குழி, கையால் அடுக்கிய கல், வெட்டுண்ட மரத்தின் அடிக்கட்டை ஆகிய மூன்றுமே. இம்மூன்றும் புதியன அல்ல. பழையனவாகிய இவை ஏன் ஒரு காலத்தில் பரவாமல் கிடந்தன, பின்னர் ஏன் பரவின என்பதே நாம் இங்கு ஆராய விழையும் வினா.

எந்திரம் கட்டிய வரப்பு

இன்றைய புர்க்கினா ஃபாசோ நாட்டின் வடபகுதியில் யாத்தெங்கா என்னும் நிலப்பகுதி உள்ளது. 1984 வரை மேல் வோல்ட்டா என்று வழங்கப்பட்ட அந்நாட்டில் மோஸி இன மக்கள் செறிந்து வாழும் பகுதி அது. அங்கு மழை ஆண்டிற்குச் சில மாதங்களே பெய்யும். பெய்யும் மழையும் தரையில் இறங்குவதில்லை. மேற்புறம் ஓடுபோல் இறுகிப்போன வெற்றுத்தரையை மோஸி மக்கள் ‘ஸிபெல்லே’ என்பர். அத்தரையில் விழும் நீர் வழிந்தோடி, இருக்கும் சிறிதளவு மண்ணையும் வாரிச் சென்றுவிடும்.

நாடு விடுதலை பெற்ற ஈராண்டுகளுக்குள், ‘ஷெரெஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஐரோப்பிய மண் மீட்புத் திட்டம் ஒன்று இங்கு வந்தது. 1962 முதல் 1965 வரை கனரக எந்திரங்களைக் கொண்டு ஏறத்தாழ 1,20,000 ஹெக்டேர் பரப்பில் மண் வரப்புகள் எழுப்பப்பட்டன. பொறியியல் கணக்கில் பிழையில்லை. சமமட்டக் கோட்டை ஒட்டியே வரப்புகள் அமைந்தன. ஆனால் யாருடைய வயல் எங்கே முடிகிறது என்று எவரும் கேட்கவில்லை. உழவரிடம் ஒரு சொல்லும் கலந்து பேசவில்லை. சில மழைக்காலங்களில் வரப்புகள் உடைந்தன. உடைந்ததை அடைக்க ஒருவரும் முன்வரவில்லை. தான் கேளாத, தன்னுடையது என்று கருதாத ஒன்றை யார்தான் பேணுவர்? எந்திரம் சென்றபின் எஞ்சியவை தேய்ந்த மண்மேடுகளே.

குழியும் கல்லும்

இதே யாத்தெங்காவில், 1980ஆம் ஆண்டை ஒட்டி, யக்கூபா ஸவாதோகோ என்பவர் ஒரு பழைய முறையைக் கையிலெடுத்தார். யக்கூபா என்பது யஃகூப் என்னும் பெயரின் அந்நாட்டு வழக்கு. சிறு வயதில் மாலி நாட்டிலுள்ள குர்ஆன் பள்ளி ஒன்றில் ஓதிய அவர், பின்னர் வாஹிகூயா நகரச் சந்தையில் சிறு வணிகம் செய்து வந்தார். வறட்சியால் மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய காலத்தில் அவர் கடையை விட்டு, தம் ஊராகிய கூர்காவின் நிலத்திற்குத் திரும்பினார்.

அவர் மேற்கொண்ட முறைக்கு ‘ஸாய்’ என்று பெயர். ஒரு சாண் அளவோ சற்று மிகுந்தோ அகலமும், அரைச்சாண் முதல் ஒரு சாண் வரை ஆழமும் உள்ள சிறு குழிகளை வெற்றுத்தரையில் வரிசையாகத் தோண்டுவது. முன்னோர் தெரிந்து வைத்திருந்ததே. யக்கூபா குழிகளைப் பெரிதாக்கினார். அவற்றுள் தொழு உரமும் சருகும் இட்டார். மழைக்காலம் வரும்வரை காத்திராமல் கோடையிலேயே அவ்வேலையைத் தொடங்கினார். உரத்தை நாடிக் கறையான்கள் வந்தன. பயிருக்குப் பகையென்று நாம் கருதும் அச்சிற்றுயிர்கள் இறுகிய தரையைத் துளைத்து நீர் இறங்க வழி செய்தன. முதல் மழையின் நீர் குழியில் தேங்கிற்று. அதில் விதைத்த கம்பும் சோளமும் முளைத்தன. உரத்தோடு வந்த மர வித்துகளும் உடன் முளைத்தன. அவர் மரக்கன்றுகளையும் பறித்தெறியாமல் காத்தார்.

ஊரார் முதலில் அவரைப் பித்தர் என்றனர். அவருடைய பயிருக்கும் இளமரங்களுக்கும் தீயிட்டவர்களும் உண்டு. அவர் மீண்டும் நட்டார். பின்னர் அதே ஊரார் அவரிடம் கற்க வந்தனர். 1984 முதல் ஆண்டுதோறும் அவர் கூட்டிய சந்தை நாள்களில் பல ஊர்களின் உழவர்கள் வித்துகளையும் தாம் கண்டறிந்த நுட்பங்களையும் பரிமாறிக்கொண்டனர்.

இதே காலத்தில், 1979இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் திட்டமொன்று யாத்தெங்காவின் கல் வரிசைகளைச் செப்பம் செய்தது. நீரோட்டத்தைத் தடுக்கக் கல் அடுக்குவதும் அம்மக்கள் அறிந்ததே. ஆயினும் கண்ணுக்குச் சமதளமாகத் தோன்றும் சரிவில் சமமட்டக் கோட்டைக் காண்பது அரிது. அதற்கு அத்திட்டத்தினர் கையாண்டது, நம் ஊர்க் கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் அதே நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய். எழுத்தறியாத உழவரும் ஓரிரு நாள்களில் அதைக் கற்றுக்கொண்டனர். மண் வரப்பு நீரைத் தேக்கி உடையும். கல் வரிசையோ நீரின் விரைவைக் குறைத்து, மண்ணை நிறுத்தி, நீரை மெல்லக் கசியவிடும்.

விளைவு யாது? ஒன்றும் விளையாத தரையில், மழை குன்றிய ஆண்டிலும் ஹெக்டேருக்கு 300 முதல் 400 கிலோ வரை தானியம் கிடைத்தது. நல்ல மழையில் 1500 கிலோ வரையும் உயர்ந்தது. இதற்கு உழைப்பு மிகுதியாக வேண்டும். ஒரு ஹெக்டேரில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளைக் கோடை வெயிலில் தோண்ட வேண்டும். அவ்வளவு வியர்வையை ஒருவர் மண்ணில் சிந்துவாராயின், அறுவடை தமக்கே என்ற உறுதி அவருக்கு இருத்தல் வேண்டும்.

1989இல் அண்டை நாடாகிய நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து 13 உழவர்கள் யாத்தெங்காவுக்கு வந்து இம்முறையைக் கண்டு சென்றனர். தங்கள் நாட்டில் ‘தாஸா’ என்ற பெயரில் இதே குழிமுறை முன்பு இருந்து மறைந்ததை அவர்கள் நினைவுகூர்ந்தனர். ஊர் திரும்பித் தோண்டத் தொடங்கினர். சில ஆண்டுகளில் இல்லேலாவில் ஒரு புதுமை நிகழ்ந்தது: யாரும் ஏறெடுத்துப் பாராத வெற்றுத்தரைக்கு விலை ஏறிற்று, வசதி படைத்தோர் அதனைத் தேடி வாங்கினர். நிலம் உயிர் பெறும்போது அது யாருடையது என்னும் வினாவும் உயிர் பெறுகிறது.

நிலத்தடியில் ஒரு காடு

மரத்தின் வரலாறு இதனினும் தெளிவானது. தென் நைஜரின் ஹவுஸா உழவர்கள் ‘காவோ’ என்று போற்றும் மரம் ஒன்றுண்டு. மற்ற மரங்கள் தழைக்கும் மழைக்காலத்தில் அது இலை உதிர்க்கும். ஆகவே பயிருக்கு நிழல் மறைக்காது. கோடையில் அது பசுமையாக நின்று கால்நடைக்குக் காயும் தழையும் தரும். அதன் வேரும் சருகும் மண்ணை வளப்படுத்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸிந்தெர் நகரிலிருந்து ஆண்ட தமகரம் சுல்தான் தனிமூன், இம்மரத்தை வெட்டுவோர்க்கு மிகக் கடுந்தண்டனை விதித்திருந்தார் என்பது அந்நாட்டு வழக்கு.

பிரெஞ்சு ஆட்சி வந்தபின் மரம் யாருடையது என்பது மாறிற்று. 1935ஆம் ஆண்டு ஜூலை 4இல் பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க வனச்சட்டம், உரிமையாளர் இல்லையெனக் கருதப்பட்ட நிலங்களை அரசின் உடைமையாக்கிற்று. பயன்மிக்க மரங்களைப் பாதுகாக்கப்பட்டவை என அறிவித்தது. தன் வயலில் தானாக முளைத்துத் தான் காத்த மரத்தின் கிளையை வெட்டவும் உழவர் அனுமதி பெறவேண்டியவரானார். தவறினால் வனக்காவலர் தண்டம் விதிப்பார். நாடு 1960இல் விடுதலை பெற்ற பின்னரும் இம்முறை தொடர்ந்தது. இதன் பயன் சட்டம் இயற்றியோர் எண்ணியதற்கு நேர்மாறாயிற்று. மரம் அரசுடையது, தண்டம் தன்னுடையது என்று கண்ட உழவர், மரக்கன்று தலைகாட்டும்போதே அதை அகற்றினார். காக்க வந்த சட்டமே கன்றைக் கொன்றது எனலாம்.

1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியக் கிறித்தவப் பணியாளரும் வேளாண் அறிஞருமான டோனி ரினாடோ, நைஜரின் மராடி பகுதியில் நாற்று நட்டு மரம் வளர்க்கும் திட்டமொன்றை நடத்திவந்தார். நட்ட கன்றுகளுள் பெரும்பாலானவை கருகின. 1983இல், வயல்களில் புதர் எனத் தோன்றியவை உண்மையில் வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த கிளைகளே என்பதை அவர் கண்டார். வேர் மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தது. துளிர்களுள் வலியன சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கழித்தால் போதும். நாற்றும் வேண்டா, நீரும் வேண்டா. உழவருக்கு வேண்டியது ஒரு கத்தியும் ஓர் உறுதிமொழியுமே. அவ்வுறுதிமொழி, தாம் காத்த மரத்தைத் தாமே வெட்டிப் பயன்கொண்டால் தண்டம் இல்லை என்பது. ரினாடோவும் உடன் பணியாற்றியோரும் அவ்வட்டார வன அலுவலரிடம் பேசி அதனைப் பெற்றுத் தந்தனர். 1984இன் பஞ்சத்திற்குப் பின் அரசின் கை தளர்ந்ததும் வனக்காவலரின் கெடுபிடி குறைந்ததும் இதற்குத் துணையாயின. 1993இன் ஊரக நிலச்சட்டக் கொள்கைகளும் 2004இன் வனச்சட்டமும் உழவரின் உரிமையை ஓரளவு ஏற்றன. நடைமுறையில் ஊன்றிய பின்னரே உரிமை ஏட்டில் ஏறிற்று என்பது கருதத்தக்கது.

இருபது ஆண்டுகளில் நிகழ்ந்ததை 2000களின் இடைப்பகுதியில் டச்சுப் புவியியலாளர் கிறிஸ் ரேயும் அமெரிக்க ஆய்வாளர் கிரே டாப்பனும் வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டுக் கண்டனர். தென் நைஜரில் ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் மீண்டும் எழுந்திருந்தன. அவை 20 கோடி அளவில் இருக்கும் என்பதும், அதனால் ஆண்டுதோறும் 5 இலட்சம் டன் தானியம் கூடுதலாக விளைகிறது என்பதும் அவர்களின் மதிப்பீடு. எல்லைக்கு அப்பால், மழை சற்று மிகுதியாகவே பெய்யும் வடநைஜீரியாவின் வயல்களைவிட நைஜரின் வயல்களில் மரம் செறிந்திருந்ததையும் அவர்கள் சுட்டினர். இரு புறமும் வாழ்வோர் ஹவுஸா மக்களே, மண்ணும் ஒத்ததே. ஆகவே மழையைக் கொண்டு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

ஃபிக்ஹு நூல்கள் கூறும் இறந்த நிலம்

இவ்வரலாற்றைக் காணும் நமக்கு, அரபுக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பயிற்றும் ‘இஹ்யாவுல் மவாத்’ என்னும் பாடம் நினைவுக்கு வருவது இயல்பு. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல் என்பது அதன் பொருள். உரிமையாளர் அற்ற, பயன்படாது கிடக்கும் நிலத்தை உழைத்து வாழச் செய்தவர்க்கு அந்நிலம் உரியது என்ற கருத்தில் நபிமொழிகள் வந்துள்ளன. பிறர் நிலத்தில் அத்துமீறி நட்டவருக்கு அந்நடவால் உரிமை பிறப்பதில்லை என்பதும் அவற்றோடு சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது.

இதில் ஆட்சியாளரின் இசைவு வேண்டுமா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) இசைவு வேண்டும் என்றார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தாம் இயற்றிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்), தம் ஆசிரியரின் இக்கருத்துக்கு, ஒரே நிலத்தை இருவர் நாடும்போது எழும் பூசலைத் தவிர்ப்பதே காரணம் என விளக்குகிறார். ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அளித்த இசைவே போதும் என்பது அவருடைய முடிவு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தும் இசைவு தேவையில்லை என்பதே. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ ஊரை ஒட்டிய நிலத்திற்கு இசைவு வேண்டும், தொலைவிலுள்ளதற்கு வேண்டியதில்லை என்று பகுத்துரைத்தார்.

மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்கள் பின்பற்றுவது மாலிக்கி மத்ஹபையே. அங்குள்ள மார்க்கப் பள்ளிகளில் பரவலாக ஓதப்படும் நூல், இப்னு பதூதாவின் காலத்தவரான எகிப்திய அறிஞர் கலீல் எழுதிய ‘முக்தஸர்’. நீர் வரவழைத்தல், தேங்கிய நீரை வடித்தல், கட்டடம் எழுப்புதல், மரம் நடுதல், உழுதல், கல்லை உடைத்துத் தரையைச் சமன் செய்தல் முதலியவை உயிர்ப்பித்தலாகும் என்று அந்நூல் வகுக்கிறது; வெறுமனே சுற்றி வேலியிடுவதோ மேய்ப்பதோ ஆகாது என்கிறது. எல்லைக்கல் நட்டு நிலத்தை வளைத்துப் போட்டு, மூன்றாண்டுகள் அதில் உழைக்காதிருப்பவருக்கு உரிமையில்லை என்ற தீர்ப்பு உமர் (ரலி) அவர்களுடையதாக அறிவிக்கப்படுகிறது. பிடித்து வைப்பவருக்கும் உழைப்பவருக்கும் இடையே கோடு கிழிப்பதே இவ்விதிகளின் உயிர்நாடி.

ஸாஹில் உழவர்கள் இந்நூல்களைப் பார்த்துக் குழி தோண்டினர் என்று நாம் கூறவில்லை. அங்கு நிலத்தை ஆள்வன ஊர்த்தலைவர்களின் வழக்கும் அரசின் சட்டமுமே. அவ்வழக்குகளிலும், மரம் நடுதல் உரிமை கொண்டாடுவதற்கு அடையாளம் என்பதால், இரவல் நிலத்தில் உழுபவர் மரம் நட அனுமதிக்கப்படுவதில்லை. உழைப்புக்கும் உரிமைக்கும் உள்ள இப்பிணைப்பை ஃபிக்ஹு அறிஞர்கள் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே சட்டத்தின் மொழியில் வடித்துத் தந்தனர் என்பதே நாம் சுட்ட விரும்புவது.

அவர்கள் மற்றொன்றையும் மறக்கவில்லை. ஊரைச் சுற்றியுள்ள மேய்ச்சலும் விறகும் ஊராருக்குப் பொது. அதை இறந்த நிலம் என்று ஒருவர் தமதாக்கிக்கொள்ள இயலாது. ஸாஹிலில் இது இன்றும் பொருளுடையது. உழவர் கண்ணுக்கு வெற்றுத்தரையாகத் தோன்றுவது, ஃபுலானி ஆயர்களின் மாடுகள் செல்லும் தடமாக இருக்கலாம். உழவருக்கும் ஆயருக்கும் எழும் பூசல்கள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது. எந்நிலம் உண்மையில் இறந்தது என்று முதலில் கேட்காத எத்திட்டமும் ஒருவரை வாழ்வித்து மற்றொருவரை வெளியேற்றும்.

நகரம் வந்தபோது

யக்கூபா ஸவாதோகோ வளர்த்த காடு இருபத்தைந்து ஹெக்டேருக்கும் மேல் பரந்தது. அறுபதுக்கும் மிகுந்த வகை மரஞ்செடிகள் அதில் செழித்தன. பிறர் அங்கு மருந்து மூலிகை தேடி வந்தனர். 2018இல் சுவீடனின் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவருக்கும் டோனி ரினாடோவுக்கும் அளிக்கப்பட்டது. 2020இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பும் அவரைச் சிறப்பித்தது.

ஆனால் அக்காடு வாஹிகூயா நகரத்தை ஒட்டியிருந்தது. நகரம் விரிந்தபோது அந்நிலத்தின் ஒரு பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டது, வீடுகள் எழுந்தன. நாற்பதாண்டுகள் அந்நிலத்தை உயிர்ப்பித்தவரிடம் அதற்கான பட்டா இல்லை. உலகம் பாராட்டிய பின்னரும் தம் காட்டைக் காக்க அவர் முறையிட வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 3ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருடைய நாடு உள்நாட்டுப் போரில் சிக்கி, இருபது இலட்சம் மக்கள் வீடும் வயலும் இழந்து இடம்பெயர்ந்திருந்தனர். அவர்களுள் குழி தோண்டிக் கல் அடுக்கிய உழவர்களும் இருந்தனர்.

ஊரை ஒட்டிய நிலத்தில் ஆட்சியாளரின் இசைவு வேண்டும் என்று இமாம் மாலிக் (ரஹ்) கூறியதன் ஆழம் இங்கே விளங்குகிறது. நகரின் விளிம்பில் நிலத்தைப் பலர் நாடுவர். அங்கு உழைப்பு மட்டும் உரிமையைக் காக்காது. இசைவு முன்னதாகவே எழுத்தில் இருந்திருப்பின் உழைத்தவர் முதுமையில் அலைய நேர்ந்திராது. அவ்விதி உழவரைத் தடுக்கும் வேலி போலத் தோன்றினும், அவர்தம் உழைப்பைக் காக்கும் வேலியாகவும் அதனைக் கொள்ளலாம்.

ஆப்பிரிக்க ஒன்றியம் 2007இல் ஏற்ற ‘பெரும் பசுமைச் சுவர்’ திட்டம் 2030க்குள் ஸாஹிலில் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்க இலக்கு வைத்துள்ளது. செயற்கைக்கோள் படமும் கைப்பேசி வழிச் செய்தியும் வறட்சி தாங்கும் வித்தும் இன்று உழவரின் வாயிலுக்கு வருகின்றன. இவை யாவும் நல்லனவே. எனினும் 1962இல் யாத்தெங்காவுக்கு வந்த எந்திரமும் அதன் காலத்தின் உயர்ந்த தொழில்நுட்பமாகவே இருந்தது. அது கட்டியது நிலைக்கவில்லை. ஒரு கத்தியும் தண்டமில்லை என்ற உறுதிமொழியும் 50 இலட்சம் ஹெக்டேரில் மரத்தை எழுப்பின. ஆகவே ஒரு புதிய கருவியை ஊருக்குக் கொண்டுசெல்வோர், அது எவ்வளவு விளைவிக்கும் என்று கேட்பதோடு, விளைந்தபின் அந்நிலமும் மரமும் யாருடையனவாக இருக்கும் என்பதையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அவ்வினாவிற்கு விடை எழுதப்படாத இடத்தில் சிறு உழவர் குழி தோண்டத் தயங்குவாராயின், அதனை அறியாமை என்பது தகாது.